நஞ்சுக்கொடிக்கு ஒரு குழு

காரைக்காலில் கர்ப்பிணிகளை ரசாயனங்களிலிருந்து காப்பாற்ற ஒரு குழு இருக்கிறது. அது இருப்பது அதிகாரிகளுக்குத் தெரியும், கம்பெனிக்காரர்களுக்குத் தெரியும், கூட்டத்துக்கு முந்திரி பிஸ்கட் கொண்டுவந்து இறக்குகிற பேக்கரிக்காரருக்கும் தெரியும். கர்ப்பிணிகளுக்கு மட்டும்தான் தெரியாது. ஆக்சிலியாவுக்கும் பிள்ளை பிறக்கும்வரை தெரியாமல்தான் இருந்தது.

ஆக்சிலியாவும் அவள் புருஷன் வில்சனும் கோட்டுச்சேரியில் குடியிருந்தார்கள். வில்சன் குட்டியானை வண்டி ஓட்டுகிறவன். மீன் பெட்டி, சிமென்ட் மூட்டை, கல்யாண வீட்டு நாற்காலி எது கிடைத்தாலும் ஏற்றுவான். அவள் ஊருக்கு வெளியே இருந்த பை கம்பெனியில் பேஸ்டிங் செக்‌ஷனில் வேலை பார்த்தாள். பள்ளிக்கூடப் பைக்கான ரெக்சின் துண்டுகளில் பிரஷ்ஷால் சொல்யூஷன் தடவி ஒட்டுகிற வேலை. தையல் மிஷின் ஓடும் கூடம் பெரியது, காற்றோட்டமானது. பேஸ்டிங் அறை சின்னது. காற்றுப் பட்டால் சொல்யூஷன் டப்பாவிலேயே காய்ந்துவிடும் என்று ஜன்னல்களைச் சாத்தியே வைத்திருப்பார்கள். மத்தியானத்துக்கு மேல் தலை கிறுகிறுக்கும். புதிதாக வந்த பெண்கள் காரணமில்லாமல் சிரிப்பார்கள். பழகியவர்கள் சிரிக்க மாட்டார்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒட்டுகிற ஜூலியட் அப்போது புதிது. அவள் நிறைய சிரித்தாள்.

கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்துத்தான் ஆக்சிலியாவுக்கு வயிற்றில் தங்கியது. சொல்யூஷன் வாடைக்கு வாந்தி வந்தது, மசக்கை என்றார்கள். மயக்கம் வந்தது, அதற்கும் மசக்கை என்றார்கள். மாதம் ஏறியும் வயிறு ஏறவில்லை. அடக்கமான பிள்ளை, பெண்ணாகத்தான் இருக்கும் என்று தெருவில் சொன்னார்கள். பெண்ணாகத்தான் பிறந்தது, நாள் முந்தி, வில்சனின் உள்ளங்கையிலிருந்து முழங்கை வரைக்கும்கூட இல்லாத அளவில். உடம்பெல்லாம் சுருக்கம். தாங்குமோ தாங்காதோ என்று ஆஸ்பத்திரியிலேயே ஞானஸ்நானம் கொடுத்து ஸ்டெல்லா என்று பெயர் வைத்தார்கள்.

பிரசவம் பார்த்த டாக்டர் சௌந்தரவல்லி அதிகம் பேசாதவர். மறுநாள் ஆக்சிலியாவின் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்து, என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டார். அவள் சொன்னாள். ஜன்னல் உண்டா என்று கேட்டார். உண்டு, சாத்தியிருக்கும் என்றாள். டாக்டர் சொன்னார்:

“வயித்துக்குள்ள பிள்ளைக்கு நுரையீரல், குடல் எல்லாமே நஞ்சுக்கொடிதாம்மா. உன் ரத்தத்துலேர்ந்து வேணுங்கறதை எடுத்துப் பிள்ளைக்குக் குடுக்கும். வேண்டாததை முடிஞ்சமட்டும் தடுக்கும். ஆனா இந்த மாதிரி ஆவியை அதால தடுக்க முடியாது. உள்ள விட்டுடும். தானும் கெட்டுப்போயிடும். உன் கொடி பாதிதான் வளந்திருக்கு. அங்கங்க செத்துப்போயி வெள்ளைத் திட்டா இருக்கு. அதான் பிள்ளைக்குச் சாப்பாடே போகலை.”

“அப்ப நான் மூச்சு விட்டதாலயாங்க?”

“நீ விட்டதால இல்லம்மா. உன்னை எங்க உக்காத்தி மூச்சு விட வெச்சாங்களோ அதால இருக்கலாம்.”

ஒரே ஒரு பிள்ளையை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, கொடியைச் சோதித்துப் பார்த்தால்தான் தெரியும் என்றும் அவர் சொன்னார். கொடியை மருந்துத் தண்ணீரில் போட்டு மூடி, பெயர் எழுதி வைத்துவிட்டு, மேலிடத்துக்குக் கடிதம் எழுதிப் போட்டார். அப்போதுதான் குழு விழித்துக்கொண்டது.

குழுத் தலைவர் வைத்தியலிங்கம் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்தப் பதவி என்று அவர் சொன்னதில்லை. பெரியது என்று மட்டும் சொல்வார். இதற்காகக் கூடிய முதல் கூட்டத்தில் குத்துவிளக்கு ஏற்றினார்கள். உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொண்டார்கள். மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த பேனரில் எந்த நாட்டிலோ பிறந்த ஒரு கொழுகொழுக் குழந்தை நீலக் கண்ணோடு சிரித்தது. தாய்மையைப் பற்றித் தலைவர் பேசி முடித்தபோது தேநீர் நேரம் வந்துவிட்டது. கொடியைப் பற்றி அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்று ஒரு மனதாக முடிவானது.

அடுத்த கூட்டத்தில் கொடி யாருடையது என்ற கேள்வி எழுந்தது. தாயுடையது என்றார் ஒருவர். பிள்ளையின் கருவிலிருந்து வளர்வதால் பிள்ளையுடையது என்றார் இன்னொருவர். வயிற்றைவிட்டு வந்த பிறகு அது ஆஸ்பத்திரி மஞ்சள் பையில் போட வேண்டிய கழிவு, கழிவைச் சோதிப்பதற்கு விதியில் இடமில்லை என்றார் மூன்றாமவர். கடைசியில் பிள்ளையுடையது என்று தீர்மானித்து, உரிமையாளரின் சம்மதம் வேண்டும் என்றார்கள். உரிமையாளர் கண்ணாடிப் பெட்டிக்குள் மூக்கில் குழாயோடு இருந்தது. தகப்பன் கையெழுத்துப் போட்டால் போதாதா என்று வில்சன் கேட்டான். போதாது, உடம்பு சம்பந்தப்பட்டவரின் ரேகையும் வேண்டும் என்று ஒரு ஊழியர் மைப்பெட்டியோடு வார்டுக்கே வந்துவிட்டார். கைவிரல் பிடிக்க வராது என்று நர்ஸ் காலில் மை தடவி எடுத்துக் கொடுத்தாள். மை போக அந்தக் காலைத் துடைத்தபோது பிள்ளை நீலம் பாய்ந்துவிட்டது. ஓடிவந்து காற்று கொடுத்தார்கள். ரேகை தெளிவாக இல்லை என்று அது திரும்பி வந்தது. பாதம் போதிய அளவுக்கு வளர்ந்த பிறகு மீண்டும் அனுப்பும்படி சொன்னார்கள்.

டாக்டர் சௌந்தரவல்லி யார் யாரிடமோ பேசி அதைச் சரிக்கட்டினார். பிறகு கொடியைச் சோதனைக்குப் புதுச்சேரிக்கு அனுப்ப வேண்டும். காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது; ஆனால் நண்டலாற்றைத் தாண்டினால் தமிழ்நாடு. புதுச்சேரிக்குச் சொந்தமான கொடி புதுச்சேரிக்குப் போக தமிழ்நாட்டு மண்ணில் பயணம் செய்தாக வேண்டும். மனித உடம்பின் பாகம் மாநிலம் கடப்பதற்கு அனுமதி கேட்டு எழுதினார்கள். காரைக்காலிலிருந்து மது பாட்டில்கள் எந்த அனுமதியும் கேட்காமல் ராத்திரியும் பகலுமாக அந்த ஆற்றைக் கடந்துகொண்டிருந்தன. கொடி நேர்மையானது. அது குளிர்பெட்டியில் காத்திருந்தது.

நானே வண்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போகிறேன் என்று வில்சன் சொன்னான். மீன் ஏற்றும் வண்டியில் கொடி ஏற்றலாமா என்று தெளிவு கேட்டு இன்னொரு கடிதம் போனது. இதற்குள் டாக்டர் சௌந்தரவல்லியை ஏனாமுக்கு மாற்றிவிட்டார்கள். அவர் ஆந்திராவுக்குள் இருக்கும் அந்தத் துண்டுக்குக் கிளம்பும் முன் ஆக்சிலியாவைப் பார்க்க வந்தார். பிள்ளையின் தலையைத் தடவினார். பால் குடிக்கும்போது தூங்கவிடாதே, காதைச் சீண்டிக்கொண்டே இரு என்று சொல்லிவிட்டுப் போனார். குளிர்பெட்டியில் கரண்ட் போனதா, இடம் வேண்டுமென்று யாராவது எடுத்துப்போட்டார்களா தெரியவில்லை; அவர் போன பிறகு கொடி மஞ்சள் பைக்குப் போய்விட்டது.

கொடி இல்லாவிட்டாலும் விசாரணை நிற்காது என்று குழு உறுதியளித்தது. ஆக்சிலியாவைக் கம்பெனியில் விசாரணை முடியும்வரை வரவேண்டாம் என்று நிறுத்தியிருந்தார்கள். அவள் பிள்ளையை மார்போடு சேர்த்து முந்தானையால் சுற்றிக்கொண்டு விசாரணைக்கு வந்தாள். தனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும் என்றாள். எதனால் இப்படி ஆனது? அது தெரிந்தால் மற்ற பெண்களுக்குச் சொல்லலாம்.

கம்பெனி மேனேஜர் சுப்ராயன் எழுந்து எல்லோரையும் வணங்கினார்.

“ஐயா, எங்க கேட்ல பெரிய எழுத்துல எழுதி வெச்சிருக்கோம், பதினெட்டு வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு உள்ள அனுமதி கிடையாதுன்னு. இந்தக் குழந்தை ஐ.டி. கார்டு இல்லாம, கையெழுத்துப் போடாம, மாசக்கணக்கா எங்க கம்பெனிக்குள்ள வந்து போயிருக்கு. நாங்க அதைப் போலீஸ்ல சொல்லாம விட்டதே மனிதாபிமானத்துலதான்.”

இது கவனிக்கத்தக்க வாதம் என்று தலைவர் குறித்துக்கொள்ளச் சொன்னார்.

அடுத்துக் காற்றை அளக்கும் அதிகாரி நெடுமாறன் பேசினார். பேஸ்டிங் அறைக் காற்றைத் தானே நேரில் அளந்ததாகவும், மிகவும் தரமாக இருந்ததாகவும் சொன்னார். எப்போது அளந்தீர்கள் என்று வில்சன் கேட்டான். ஞாயிற்றுக்கிழமை, வேலை நாளில் அளந்தால் ஊழியர்களுக்கு இடைஞ்சல் என்றார். ஜன்னலைத் திறந்துதான் அளந்தோம், இல்லாவிட்டால் எங்களுக்குத் தலை சுற்றுகிறது என்றும் சொன்னார். அது மட்டுமல்ல, அனுமதிக்கப்பட்ட அளவு என்பது எழுபது கிலோ எடையுள்ள ஆளுக்குக் கணக்கிட்டது.

“வயித்துல இருந்தப்ப பிள்ளை எலுமிச்சங்கா அளவு இருந்திருக்குமேங்க” என்றாள் ஆக்சிலியா.

“அது உரிய எடையை எட்டாததுக்கு அளவு எப்படிம்மா பொறுப்பாகும்?” என்றார் நெடுமாறன். மேலும் அவர் துறைக்கு உட்பட்டவை காற்று, நீர், நிலம். கர்ப்பப்பை இந்த மூன்றில் எதிலும் வரவில்லை. பனிக்குடத்தில் இருப்பது நீர்தானே என்று ஓர் உறுப்பினர் சந்தேகம் கேட்டார். அது குடிநீரும் இல்லை, நிலத்தடி நீரும் இல்லை என்று நெடுமாறன் விளக்கினார்.

குழுவில் ஒரு தமிழறிஞர் இருந்தார். வெகுநேரம் கண்ணை மூடியிருந்தவர் அப்போது திறந்தார். நஞ்சுக்கொடி என்று நம் முன்னோர் பெயரிட்டிருக்கிறார்கள். பெயரிலேயே நஞ்சு இருக்கிறது. நஞ்சுக்கொடியில் நஞ்சு இருந்தது என்று ஒருவர் புகார் கொடுப்பது, கடலில் உப்பு இருந்தது என்று புகார் கொடுப்பதைப் போன்றது. கூட்டம் கைதட்டியது. அவருக்கு இன்னொரு பொன்னாடை போர்த்தினார்கள்.

தலைவர் கனிவோடு ஆக்சிலியாவைப் பார்த்தார்.

“ஏம்மா, எங்கம்மா என்னை வயித்துல வெச்சுக்கிட்டே வயல்ல பூச்சிமருந்துக்கு நடுவுல நடவு நட்டவங்க. எனக்கு என்ன ஆயிடுச்சு? என்னைப் பாரு. எதாவது குறை தெரியுதா?”

உறுப்பினர்கள் அவரைப் பார்த்தார்கள். பதில் சொல்ல யாரும் முன்வரவில்லை.

சாட்சியாக ஜூலியட்டைக் கூப்பிட்டிருந்தார்கள். அவள் புருஷன் கோட்டுச்சேரிமேட்டிலிருந்து படகில் போகிறவன். மீன்பிடித் தடைக்காலத்தில் அவள் சம்பளம்தான் வீட்டுக்கு. அறையில் வாடை அடிக்குமா என்று தலைவர் கேட்டார். ஜூலியட் மேனேஜரைப் பார்த்தாள். வாடை எதுவும் இல்லைங்க என்றாள். தலை சுற்றுமா என்று கேட்டதற்கும் இல்லைங்க என்றாள். சொல்லிவிட்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றவள், ஆக்சிலியா வந்ததும் குனிந்துகொண்டாள். ஜூலியட்டே சொன்னாள்.

“அக்கா, எனக்கு நாள் தள்ளிப்போயிருக்கு. தையல் பக்கம் மாத்திவிடுங்கன்னு மேனேஜர்ட்ட கேட்டேன். ஒட்டுற கை கெடைக்காது, முடியாதுன்னுட்டாரு.”

ஆக்சிலியா திரும்ப உள்ளே போனாள். எதனால் என்று கண்டுபிடிக்காவிட்டாலும் பரவாயில்லை, மாசமாக இருக்கிற ஒரு பெண்ணை அந்த அறையிலிருந்து மாற்றிவிடச் சொல்லுங்கள், அது போதும் என்றாள். அந்தப் பெண் இந்த மனுவில் இல்லை என்றார்கள். பாதிக்கப்பட்ட பிறகு அவர் தனி மனு கொடுக்கலாம், குழு எப்போதும் திறந்தே இருக்கும் என்றார் தலைவர்.

கூட்டம் முடிவதற்கு முன் பாதிக்கப்பட்டவரைப் பார்வையிட்டார்கள். முந்தானையை விலக்கி ஸ்டெல்லாவை மேசைமேல் படுக்க வைத்தாள். மற்ற பிள்ளைகள் குப்புற விழுந்து தவழ்கிற வயது. இவளுக்குத் தலை நிற்கவில்லை. மேலே சுற்றிய ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். உறுப்பினர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். எவ்வளவு அமைதி, நம் வீட்டுப் பிள்ளைகளெல்லாம் இந்நேரம் கூட்டத்தைக் கெடுத்திருக்கும் என்று ஒருவர் பாராட்டினார். குழந்தை ஒழுக்கமாகவும் சாந்தமாகவும் இருப்பதாகக் குறிப்பில் எழுதினார்கள். அடுத்த கூட்டத்துக்கும் தவறாமல் அழைத்துவரும்படி சொன்னார்கள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தெருவில் முழங்கால் தண்ணீர். ஸ்டெல்லாவுக்குச் சளி கட்டி நெஞ்சு உள்வாங்கியது. வில்சன் வண்டியில் ஏற்றி, தண்ணீருக்குள் எஞ்சின் நின்று, இறங்கித் தள்ளி, ஒருவழியாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். முன்சீட்டில் உட்கார்ந்து ஆக்சிலியா பிள்ளையின் காதைச் சீண்டிக்கொண்டே இருந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் ஒருவர் வந்து பார்த்து, போதும்மா, விடு என்று சொன்ன பிறகும் அவள் விரல் நிற்கவில்லை.

பெட்டி தூக்க நாலு பேர் வந்திருந்தார்கள். வேலை இருக்கவில்லை; வில்சன் ஒருவனே அதை நெஞ்சில் அணைத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தான். சாமியார் ஜெபத்தைச் சுருக்கமாகத்தான் வைத்திருந்தார். அதையும் மழை சுருக்கியது.

அடுத்த கூட்டம் சொன்ன நாளில் நடந்தது. பெயர் கூப்பிட்டார்கள். மறுபடி கூப்பிட்டார்கள். முறையாகத் தகவல் அனுப்பியும் பாதிக்கப்பட்டவர் ஆஜராகவில்லை, விசாரணையில் அவருக்கு அக்கறை இல்லை என்று தெரிகிறது, எனவே முடித்துவைக்கப்படுகிறது என்று தலைவர் அறிவித்தார். ஒரு வருத்தமும் தெரிவித்தார். குழுவின் நேரம் வீணானது பற்றி.

அந்தச் செய்தியைக் கேட்டபோது ஆக்சிலியா கொல்லையில் பிள்ளைத் துணிகளை உலர்த்திக்கொண்டிருந்தாள். மழையில் நனைந்த துணி, எதற்கு உலர்த்துகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. எல்லாவற்றையும் மடித்து வைத்தாள். சாயங்காலம் வில்சன் வந்ததும், நாளைக்குக் கம்பெனிக்குப் போகிறேன் என்றாள். சண்டை போடவா என்று கேட்டான். வேலைக்கு என்றாள்.

“எந்த வேலைக்கு?”

“பேஸ்டிங்குக்கு. நான் போனா ஜூலியட்டை எந்திரிக்க விடுவாங்க.”

வில்சன் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். நமக்கு இன்னொண்ணு வேண்டாமா ஆக்சி என்று கேட்டான்.

“இப்ப நம்ம வயித்துல ஒண்ணும் இல்லைங்க. அவ வயித்துல இருக்கு. அது பொறக்கட்டும்.”

அவன் அன்று சாப்பிடவில்லை. காலையில் அவளைக் கேட்காமலே வண்டியைக் கிளப்பி, கம்பெனி கேட்டில் கொண்டுபோய் விட்டான்.

மேனேஜர் சுப்ராயனுக்கு ஆச்சரியமும் சந்தோஷமும் தாங்கவில்லை. பழகிய கை. போட்டியில்லாத இடம். ஒரே ஒரு நிபந்தனை என்று ஆக்சிலியா சொன்னதும், ஜூலியட்டை அன்றைக்கே நூல் பிசிறு வெட்டுகிற மேசைக்கு மாற்றினார். அந்த மேசை வாசல் பக்கம் இருந்தது. குழு கூடிக் கூடிச் செய்ய முடியாத காரியம், ஒரு ஸ்டூலிலிருந்து ஒருத்தி எழுந்து இன்னொருத்தி உட்காருவதற்குள் முடிந்துவிட்டது.

“பாத்தியா? சொல்யூஷன் கெட்டதா இருந்தா நீயே திரும்ப வந்து உக்காருவியா?” என்றார் சுப்ராயன்.

அவள் பிரஷ்ஷைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் திரும்பி வந்ததை அவர் குழுவுக்கு எழுதி அனுப்பினார்.

ஜூலியட்டுக்கு வயிறு நன்றாக ஏறியது. மத்தியானச் சாப்பாட்டை இருவரும் வெளியே மதில் நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஆக்சிலியா கொஞ்சம் தள்ளியே உட்காருவாள், தன் சேலையில் வாடை இருக்கும் என்று. தலைவலி பழையபடி வந்துவிட்டது. பழையதைவிட அதிகமாகவே வந்தது. அதை ஜூலியட்டிடம் சொன்னதில்லை.

பிள்ளை நாள் தவறாமல், முழு எடையோடு, ஆணாகப் பிறந்தான். கொடி பெரிதாக, நிறமாக இருந்ததாக நர்ஸ் சொன்னாள் என்று ஜூலியட் ஆள்விட்டுச் சொல்லி அனுப்பினாள். ஆக்சிலியா அன்றைக்குக் கோயிலுக்குப் போய்விட்டு நேரம் கழித்து வீட்டுக்கு வந்தாள்.

குழுவின் ஆண்டுவிழாவுக்கு ஜூலியட்டைப் பிள்ளையோடு மேடைக்கு வரவழைத்தார்கள். வராவிட்டால் மேனேஜர் சும்மா விடமாட்டார் என்று வந்திருந்தாள். தலைவர் பிள்ளையை வாங்கி இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினார்.

“அதே கம்பெனி. அதே சொல்யூஷன். இந்தத் தாயும் அங்கதான் வேலை பாத்தாங்க. இதோ பாருங்க, கன்னுக்குட்டி மாதிரி. நம்ம குழு இருக்கிறதாலதான் இந்த மாவட்டத்துல பிள்ளைங்க இப்படிப் பொறக்குது. இதுக்கு மேல என்ன ஆய்வு வேணும்?”

சுப்ராயனுக்குத் தாய்மை போற்றும் நிறுவனம் என்று கேடயம் கொடுத்தார்கள். கடைசி வரிசையில் வேலை முடிந்து நேராக வந்திருந்த ஆக்சிலியா உட்கார்ந்திருந்தாள். ஜூலியட் பிள்ளையை வாங்கிக்கொண்டு, மேடையில் போட்டிருந்த நாற்காலிக்குப் போகாமல், படியிறங்கி நேரே அவளிடம் வந்தாள். பிள்ளையை நீட்டினாள்.

“வேண்டாம்டி, கையெல்லாம் வாடை” என்றாள் ஆக்சிலியா. எழுந்து குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டுக் கழுவினாள். முகர்ந்து பார்த்தாள். மறுபடி கழுவினாள். பிறகு ஜூலியட்டிடமிருந்து துண்டோடு அவனை வாங்கிக்கொண்டாள். இத்தனை கனமாகப் பிள்ளை இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. கை ஒருமுறை இறங்கி ஏறியது.

உள்ளே அடுத்த பேச்சு ஆரம்பித்தது. அவள் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசலைத் தாண்டி நடந்தாள். மைக் சத்தம் வராத இடம்வரை போய், காற்று வந்த பக்கம் முகம் வைத்து நின்றாள். பிள்ளை தூங்கிவிட்டான். நன்றியுரை முடிந்து ஜனங்கள் கலைந்த பிறகு ஜூலியட் தேடிக்கொண்டு வந்தாள்.

“குடுங்கக்கா, கை வலிக்கும்.”

“இன்னும் கொஞ்ச நேரம்டி” என்றாள் ஆக்சிலியா.